செங்காய்

ராயக்கோட்டை தக்காளி மண்டி அலுவலகத்தில்
பதினோரு கணினிக்கு ஒரே இணைப்பு.
அதுவும் தூறல் போட்டால் இருமும்.
அதனால்தான் நடுவில் ஒரு ப்ராக்ஸி வைத்தேன்:
ஒருமுறை வெளியே போய் வாங்கி வந்ததைப்
பத்துப் பேருக்குப் பங்கு போடும் பெட்டி.
எடைத்தராசுக்குப் பின்னால்
அலமாரியின் கீழ்த்தட்டில்
சூடாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

விதி எழுதுவது எளிது.
ஒரு வரி, மூன்று எண்கள்.
இத்தனை நிமிடம் வரை கேட்காதே, புதிதென்றே கொடு.
இத்தனைக்கு மேல் போனால் நம்பாதே, போய்க் கேள்.
இரண்டுக்கும் நடுவே ஒரு சதவீதம்:
பத்து நாளாக மாறாத பக்கம்
இன்னும் இரண்டு நாள் மாறாது என்று
இருபது விழுக்காடு நம்பிக்கை.
என் வீட்டுக்காரரை நம்பிக் கடன் கொடுத்தவர்கள்
போட்ட கணக்கும் இதுதான்.

சங்கத்தின் முத்திரைப் படத்துக்கு ஒரு மாதம்.
வானிலைக்கு ஒரு மணி நேரம்.
கடைசி வரியில் ஒரு புள்ளி;
புள்ளி என்றால் மற்றதெல்லாம்.
மற்றதெல்லாம் ஒரு நாள்.
யாராவது புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினால்
கண்டுகொள்ளாதே என்றும் சேர்த்தேன்.
சும்மா அழுத்திக்கொண்டே இருப்பார்கள்,
இணைப்பு தாங்காது.

விலைப் பக்கத்துக்கென்று வரி எழுதவில்லை.
அது அந்தப் புள்ளிக்குள் விழுந்தது.

புதன்கிழமை விடியலில்
உத்தனப்பள்ளியிலிருந்து கெம்பராஜ் போன் செய்தார்.
"கோலார்ல என்ன விலை போட்டிருக்கு?"
முனிலட்சுமி திரையைப் பார்த்தாள்,
ஒன்றுக்கு இரண்டு முறை புதுப்பித்தும் பார்த்தாள்.
கிரேட் நானூற்றிப் பத்து.
கூழ் ஆலை லாரி
இருநூற்று அறுபதுக்குக் கேட்டு
அவர் வயல் முனையிலேயே நின்றிருந்தது.
அதை அனுப்பிவிட்டு
எழுபது கிரேட்டை டெம்போவில் ஏற்றினார்.
கோலாரில் ஏலம் நூற்று நாற்பதில் நின்றது.

பதிவேட்டைத் திறந்தேன்.
ஐந்து நாற்பத்தேழு. விலைப் பக்கம். ஹிட்.
எடுத்து வைத்தது முந்தின நாள் காலை ஆறு மணிக்கு.
பதிமூன்று நிமிடம் கழித்து
அவர் கேட்டிருந்தால்.

ஹிட் என்றால் எங்கள் பாஷையில் வெற்றி.
வாசல் தாண்டாமல், ஒரு பைட் செலவில்லாமல்
கையிலிருந்ததையே கொடுத்தேன் என்ற பெருமை.
அந்த மாத ஹிட்டையெல்லாம் கூட்டிக் காட்டித்தான்
செயலாளரிடம் சம்பள உயர்வு கேட்டிருந்தேன்.

கெம்பராஜ் வந்தார். சத்தம் போடவில்லை.
நிமிடம், சதவீதம், புள்ளி எல்லாம் சொன்னேன்.
கேட்டுக்கொண்டே
காலிக் கிரேட்டின் மூலையில் ஒட்டிக்கிடந்த
ஒரு பழத்தை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கினார்.
"சென்னைக்குன்னா செங்காயாப் பறிப்போம்.
ஓசூருக்குன்னா பழமா.
சரக்கு என்னன்னே பாக்காம
ஒரு நாள் தாங்கும்னு எப்படிம்மா எழுதுன?"
விரலைக் கிரேட் விளிம்பில் துடைத்துவிட்டுப் போனார்.

அன்றிரவு புள்ளிக்கு மேலே ஒரு வரி செருகினேன்.
மேலே என்பதுதான் முக்கியம்.
முதலில் பொருந்தும் வரி எதுவோ
அதோடு பெட்டி நின்றுவிடும்;
கீழே எழுதியது எவ்வளவு சரியாக இருந்தாலும்
அதைப் படிக்க ஆளில்லை.
விலைப் பக்கம்: சுழி, சுழி, சுழி.
ஒவ்வொரு முறையும் வெளியே போய்க் கேள்.

இப்போது விலை வரப் பதினெட்டு விநாடி.
"நேத்து வரைக்கும் பொசுக்குனு வந்துச்சே,
என்னத்தைம்மா பண்ணி வெச்ச?"
மேசையைத் தட்டுகிறார் ஒரு வியாபாரி.
பதிவேட்டில் மிஸ், மிஸ், மிஸ்.
சம்பளத்தைப் பற்றிச் செயலாளர் மூச்சு விடவில்லை.

கெம்பராஜ் இன்னும் போன் செய்கிறார்.
முனிலட்சுமி வாய் திறப்பதற்குள் கேட்கிறார்:
"இப்பப் பறிச்சதா?"
இருங்கண்ணா, என்கிறாள்.
திரையில் வட்டம்
சுற்றிக்கொண்டே இருக்கிறது.